காய்ச்சலும் பாய்ச்சலும்: தொட்டிக் கள்ளிக்குத் தண்ணீர் ஊற்றும் முறை

சென்னையில் நான்காம் மாடி பால்கனியில் பன்னிரண்டு தொட்டிகளில் கள்ளிகளும், சக்குலன்ட் எனப்படும் சதைப்பற்றுச் செடிகளும் வைத்திருந்ததாக எழுதியிருக்கிறீர்கள். வாரம் ஒரு முறை இரண்டு ஸ்பூன் தண்ணீர் போதும் என்று நர்சரியில் சொன்னதை வழுவாமல் பின்பற்றியும், ஐப்பசி மழை முடிவதற்குள் ஐந்து செடிகள் அடியில் அழுகிச் சாய்ந்துவிட்டன என்றும், எத்தனை நாளுக்கு ஒரு முறை எத்தனை மில்லி ஊற்றுவது என்று கணக்காகச் சொல்ல வேண்டும் என்றும் கேட்டிருக்கிறீர்கள். அப்படியொரு கணக்கை நான் தரமாட்டேன். தந்தால் மீதமிருக்கும் ஏழு செடிகளுக்கும் அதே கதி நேரும். நெல் வயலுக்கு நம் விவசாயிகள் சொல்லும் ‘காய்ச்சலும் பாய்ச்சலும்’ என்ற சொல்லிலேயே உங்களுக்கான விடை இருக்கிறது. பாய்ச்சும்போது தொட்டி மண் முழுவதும் நனைந்து, அடித் துளை வழியாகத் தண்ணீர் தாராளமாக ஓடும்வரை ஊற்ற வேண்டும். பிறகு மண் அடிவரை காயும்வரை ஒரு சொட்டும் விடக்கூடாது. அந்தக் காய்ச்சலுக்கு மே மாதத்தில் நான்கு நாள் ஆகலாம், நவம்பரில் நான்கு வாரமும் ஆகலாம். கிழமை பார்த்து ஊற்றுகிறவர்கள் இந்த வித்தியாசத்தில்தான் செடிகளை இழக்கிறார்கள்.

இந்தச் செடிகள் எவ்வளவு காலம் தண்ணீரின்றி இருக்கும் என்பதற்குச் சான்று தேடிப் பாலைவனத்துக்குப் போக வேண்டியதில்லை. வீட்டு வாசலில் திருஷ்டிக்காகத் தலைகீழாகக் கட்டித் தொங்கவிடும் கற்றாழை, மண்ணும் தண்ணீரும் இல்லாமல் மாதக்கணக்கில் உயிரோடு இருப்பதையும், சில வேளைகளில் அப்படியே பூப்பதையும் பார்த்திருப்பீர்கள். ரணகள்ளியின் ஓர் இலையை நூலில் கட்டிச் சுவரில் மாட்டினால் அதன் விளிம்புகளில் குட்டிச் செடிகள் முளைக்கும். ‘கட்டிப்போட்டால் குட்டிபோடும்’ என்று அதற்குப் பெயரே இருக்கிறது. இந்த ரணகள்ளியில்தான், தரங்கம்பாடிக்கு வந்து பின்னர் சென்னை மாகாணத்தில் தாவரவியலாளராகப் பணியாற்றிய பெஞ்சமின் ஹெய்ன் என்ற ஜெர்மானியர் ஒரு விந்தையைக் கவனித்தார். அதன் இலை காலையில் நன்றாகப் புளிப்பதாகவும், நண்பகலில் சுவையற்றுப்போவதாகவும், மாலையில் சற்றே கசப்பதாகவும் 1813-இல் லண்டனுக்கு எழுதினார். அந்தக் கடிதம் 1815-இல் அச்சானது. வெறும் நாக்கால் அவர் கண்டறிந்ததற்கு அறிவியல் விளக்கம் கிடைக்க நூறாண்டுகளுக்கு மேல் ஆயிற்று. மற்றச் செடிகள் பகலில் இலைத்துளைகளைத் திறந்து காற்றிலுள்ள கரியமில வாயுவை எடுக்கும்போது, அதே துளைகள் வழியாக நீராவியை இழக்கின்றன. கள்ளிகளும் பெரும்பாலான சதைப்பற்றுச் செடிகளும் பகலில் துளைகளை மூடிக்கொண்டு, குளிர்ந்த இரவில் திறந்து வாயுவை வாங்கி, மாலிக் அமிலமாகச் சேமித்து, மறுநாள் வெயிலில் அதைச் செலவிடுகின்றன. காலைப் புளிப்பு அந்தச் சேமிப்பின் சுவை.

இதிலிருந்து உங்களுக்குத் தேவையான இரண்டு செய்திகள் கிடைக்கின்றன. செடி தண்ணீரை மிக மெதுவாகச் செலவிடுகிறது. ஆகவே தொட்டியில் தேங்கிய ஈரத்தை ரோஜாவோ துளசியோ உறிஞ்சித் தீர்ப்பதுபோல் இது தீர்த்துவைக்காது, வெயிலும் காற்றும்தான் தீர்க்க வேண்டும். மேலும், இரவும் சூடாகவே இருக்கும் நாட்களில் பல இனங்கள் துளைகளைச் சரியாகத் திறக்காமல் வளர்ச்சியையே நிறுத்திவிடுகின்றன. அப்போது அவற்றின் தண்ணீர்த் தேவை இன்னும் குறைந்துவிடும். வெயில் கூடினால் தாகமும் கூடும் என்ற நம் இயல்பான எண்ணம் இங்கே எல்லாச் செடிகளுக்கும் பொருந்தாது.

அழுகல் எப்படி வருகிறது என்பதைப் புரிந்துகொண்டால் மற்றவை தாமாக விளங்கும். வேருக்குத் தண்ணீரைப் போலவே காற்றும் வேண்டும். மண்துகள்களுக்கு இடையிலுள்ள வெற்றிடம் முழுக்க நாள்கணக்கில் தண்ணீர் நிறைந்து நின்றால், வேர் மூச்சுத் திணறிச் சாகத் தொடங்குகிறது. பித்தியம் (Pythium), பைட்டோப்தோரா போன்ற அழுகல் நோய்க்கிருமிகளின் வித்துகள் நீரில் நீந்திச் செல்லக்கூடியவை. மண்ணில் தண்ணீர் தேங்கியிருக்கும் வரைதான் அவை வேரைத் தேடிப் போக முடியும். ஒரே நாளில் ஒரு குடம் தண்ணீர் ஊற்றி, அது நிமிடத்தில் வடிந்து, மூன்று நாளில் மண் காய்ந்துவிட்டால் செடிக்கு ஒன்றும் ஆகாது. இரண்டே ஸ்பூன் ஊற்றி, அந்த ஈரம் காயும் முன்னரே அடுத்த இரண்டு ஸ்பூன் ஊற்றினால் செடி போய்விடும். ஆகவே ஊற்றிய அளவைவிட, மண் எத்தனை நாள் ஈரமாக நின்றது என்பதே உயிரைத் தீர்மானிக்கிறது.

ஸ்பூன் கணக்கு வறண்ட காலத்திலும் கெடுதல் செய்கிறது. மேல்மண் ஒரு விரற்கடை மட்டும் நனைவதால், அடியிலுள்ள வேர்கள் காய்ந்து மடிந்து, உயிருள்ள வேர்கள் மேலே மட்டும் தங்குகின்றன. கள்ளியின் வேர் ஒரு நல்ல மழைக்காகக் காத்திருந்து வேலை செய்வது. மண் நன்றாக நனைந்தால் ஒரு நாளுக்குள்ளேயே மெல்லிய மழைவேர்களை விடத் தொடங்கி, கிடைத்த தண்ணீரை அள்ளிக்கொண்டு, மண் காய்ந்ததும் அவற்றை உதிர்த்துவிடும். அரிசோனா பாலைவனத்தின் சகுவாரோ கள்ளி, உடலிலுள்ள மடிப்புகள் விரிய விரியத் தண்ணீரைச் சேர்த்து, பிறகு மாதக்கணக்கில் சுருங்கிக்கொண்டே வாழ்வது இந்த முறையில்தான். அதற்குத் தேவைப்படுவது எப்போதாவது ஒரு முழு மழை. தினசரித் தூறலுக்கு அது பழக்கப்பட்டதே இல்லை.

உங்கள் செடிகள் அழுகியதற்கு நர்சரி மண்ணே பெரும் காரணமாக இருந்திருக்கும் என்று நினைக்கிறேன். இன்று விற்கப்படும் சிறு கள்ளித் தொட்டிகளில் பெரும்பாலும் தென்னை நார்க்கழிவு மட்டுமே இருக்கிறது. அது தன் எடையைப் போலப் பல மடங்கு தண்ணீரைப் பிடித்துவைக்கும். நர்சரியின் பாலித்தீன் கூரையின் கீழ், மழை படாத இடத்தில், ஒரே அளவுத் தொட்டிகளுக்கு ஒரே ஆள் தண்ணீர் விடும்போது அது நன்றாகவே வேலை செய்கிறது. சாரல் அடிக்கும் பால்கனியில் அது நனைந்த பஞ்சு. வாங்கியவுடன் செடியை எடுத்து, வேரில் ஒட்டிய நார்க்கழிவைப் பொறுமையாக உதிர்த்து, வேறு கலவையில் நட வேண்டும். மேலே கூழாங்கற்களைப் பசையால் ஒட்டி விற்கும் தொட்டிகளும் உண்டு; அந்தக் கல் அடுக்கைக் கட்டாயம் பெயர்த்து எறியுங்கள், மண்ணின் ஈரம் மேலே ஆவியாக அதுவே தடை.

கலவைக்கு விலையுயர்ந்த பொருள் எதுவும் தேவையில்லை. மக்கிய இலையுரம் அல்லது மண்புழு உரம் ஒரு பங்கு, இரண்டு முதல் ஐந்து மில்லிமீட்டர் பருமனுள்ள கரடான பொருள் மூன்று பங்கு. கரடான பொருளாக, உடைத்துச் சலித்த செங்கல் துண்டு எனக்கு மிகவும் பிடித்தது; பியூமிஸ் எனும் எரிமலை நுரைக்கல் கிடைத்தால் இன்னும் நல்லது. கட்டட எம்-சாண்ட் பயன்படுத்துவதானால், அதிலுள்ள மாவு போன்ற தூள் போகுமளவு மூன்று நான்கு முறை கழுவியாக வேண்டும், ஏனெனில் அந்தத் தூள்தான் துளைகளை அடைத்துச் சிமென்ட் போல இறுகச் செய்கிறது. கலவை சரியா என்பதற்கு எளிய சோதனை உண்டு: ஒரு டம்ளர் தண்ணீர் ஊற்றினால் மேலே குளமாக நிற்காமல், சில விநாடிகளில் அடியிலிருந்து ஓட வேண்டும்.

தொட்டியின் அடியில் ஜல்லியோ ஓட்டுச் சில்லோ ஓர் அடுக்காகப் பரப்பினால் தண்ணீர் நன்றாக வடியும் என்று அநேகமாக எல்லோரும் சொல்வார்கள். அது உண்மையில்லை. நுண்ணிய மண்ணிலுள்ள தண்ணீர், தனக்குக் கீழேயுள்ள பெரிய இடைவெளிக்குள் எளிதில் இறங்காது. மேலுள்ள மண் முழுக்க நனைந்து நிரம்பிய பிறகுதான் சொட்டத் தொடங்கும். கடற்பஞ்சைத் தண்ணீரில் தோய்த்து ஜல்லியின் மேல் வைத்தாலும் அதன் அடிப்பகுதி ஈரமாகவே நிற்பதைப் போன்றது இது. ஜல்லி அடுக்கினால் அந்த ஈரப் பகுதி மறையாது, வேருக்கு நெருக்கமாக மேலேறி நிற்கும், அவ்வளவே. துளை வழியே மண் கசியாமலிருக்க ஒரு துண்டு வலை போதும். துளையே இல்லாத கண்ணாடிக் கிண்ணங்களிலும் பீங்கான் கோப்பைகளிலும் இந்தச் செடிகளை நடுவதை நான் எந்தச் சூழ்நிலையிலும் பரிந்துரைக்க மாட்டேன். அவற்றில் முறையாகத் தண்ணீர் ஊற்ற வழியே கிடையாது. சென்னைக்குச் சுட்ட மண் தொட்டிதான் உத்தமம், அதன் சுவரே ஈரத்தை வெளியேற்றும். தொட்டி, செடியின் அகலத்தைவிட இரண்டு மூன்று சென்டிமீட்டர் மட்டுமே கூடுதலாக இருக்கட்டும். வேர் எட்டாத மண்ணில் நிற்கும் தண்ணீரை எடுக்க ஆளில்லை.

மண் காய்ந்ததை எப்படி அறிவது? மேல்மண்ணை நம்பாதீர்கள், அது ஒரே வெயிலில் வெளுத்துவிடும், அடியில் ஈரம் ஒரு வாரம் நிற்கும். மெல்லிய மூங்கில் குச்சியைத் தொட்டியின் ஓரமாக அடிவரை செருகி, பத்து நிமிடம் விட்டு எடுத்துப் பாருங்கள். குச்சி கருத்தோ குளிர்ந்தோ இருந்தாலும், மண் ஒட்டியிருந்தாலும் இன்னும் காயவில்லை. இதைவிட நம்பகமானது கை. தண்ணீர் ஊற்றி வடிந்த பிறகு தொட்டியை ஒரு முறை தூக்கிப் பாருங்கள், ஒரு வாரம் கழித்து மறுபடி தூக்குங்கள். இரண்டு மாதத்தில் உங்கள் கைக்கே எடை பழகிவிடும், குச்சியே தேவைப்படாது. நான் இருபது ஆண்டுகளாக இப்படித்தான் பார்க்கிறேன். கடைகளில் விற்கும் ஈரமானிகள் கரடான கலவையில் சரியாகத் தொடர்பு கொள்ளாததால் தப்பாகக் காட்டுகின்றன. அதற்குச் செலவிட வேண்டாம்.

செடியின் தோற்றமும் பேசும், ஆனால் அதைத் தவறாகப் படிப்பவர்களே அதிகம். கீழ் இலைகள் மெலிந்து, தொட்டால் வளைந்து, லேசாகச் சுருக்கம் விழுந்தால் தாகம். இலைகள் மஞ்சளாகி, உள்ளே கண்ணாடி போலத் தெரிந்து, தொட்டதும் கழன்று விழுந்தால் தண்ணீர் மிகுதி. இதுவரை எளிது. ஏமாற்றும் நிலை ஒன்று இருக்கிறது: வேர் அழுகிய செடியும் சுருங்கும். தொட்டியில் தண்ணீர் இருந்தும் அதை உறிஞ்ச வேர் இல்லாததால், செடி தாகத்தில் இருப்பது போலவே தோன்றுகிறது. பார்ப்பவர் பரிதாபப்பட்டு மேலும் ஊற்றுகிறார், மீதமுள்ள வேரும் போய்விடுகிறது. என் தொடக்க காலத்தில் அஸ்ட்ரோஃபைட்டம் என்ற ஒரு நல்ல கள்ளியை இப்படித்தான் இழந்தேன். ஆகவே சுருக்கத்தைக் கண்டவுடன் கை முதலில் குச்சிக்குப் போகட்டும். மண் காய்ந்து செடி சுருங்கியிருந்தால் ஊற்றுங்கள், இரண்டு மூன்று நாளில் தெளிந்துவிடும். மண் ஈரமாக இருந்தும் செடி சுருங்கியிருந்தால் தொட்டியைக் கவிழ்த்து வேரைப் பாருங்கள்.

இனிச் சென்னையின் பருவங்கள். இந்த நகரத்துக்கு ஆண்டில் சுமார் 1,400 மில்லிமீட்டர் மழை பெய்கிறது, அதில் பாதிக்கும் மேல் அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவத்தில் கொட்டுகிறது. சகுவாரோ வளரும் டூசான் நகரில் ஓர் ஆண்டு முழுவதற்கும் சுமார் 300 மில்லிமீட்டர்தான். 2015 டிசம்பர் முதல் நாளில் தாம்பரத்தில் 24 மணி நேரத்தில் ஏறத்தாழ 490 மில்லிமீட்டர் பெய்ததை நினைத்துக்கொண்டால், நம் பால்கனிக் கள்ளிகளிடம் என்ன கேட்கிறோம் என்பது புரியும். அக்டோபர் முதல் வாரத்திலேயே தொட்டிகளை மழையும் சாரலும் படாத, ஆனால் வெளிச்சமும் காற்றும் உள்ள இடத்துக்கு மாற்றிவிடுங்கள். அந்த மூன்று மாதமும் காற்றிலேயே ஈரம் மிகுந்திருப்பதால் மண் காய்வது மிக மெதுவாக நடக்கும். பத்து சென்டிமீட்டர் தொட்டிக்கு மாதம் ஒரு முறை ஊற்றினால் போதுமானது, வெயிலே இல்லாத மாதத்தில் அதுவும் வேண்டாம். அடுத்த இரண்டு நாள் வெயில் இருக்கும் என்று தெரிந்த நாளாகத் தேர்ந்தெடுத்து, காலை நேரத்தில் ஊற்றுங்கள்.

தை பிறந்து பனி குறைந்ததும், பிப்ரவரி தொடங்கி ஏப்ரல் நடுப்பகுதி வரை, பெரும்பாலான கள்ளிகளுக்கு இங்கே நல்ல வளர்ச்சிக் காலம். மம்மிலேரியா, ஜிம்னோகேலிசியம் முதலியவை மொட்டுவிடும். காய்ந்தவுடன் தயங்காமல் முழுத் தண்ணீர் கொடுங்கள். அக்னி நட்சத்திர நாட்களில், இரவு வெப்பம் 28 டிகிரி அளவிலேயே நிற்கும்போது, எச்சிவேரியா, ஹவோர்த்தியா, செடம் ஆகிய சதைப்பற்றுச் செடிகள் ஏறக்குறைய உறங்கிவிடுகின்றன. அவற்றை நிழலுக்கு மாற்றி, காய்ந்த பிறகு மேலும் நான்கைந்து நாள் விட்டு, வெயில் தாழ்ந்து தொட்டி குளிர்ந்த பின் மாலையில் ஊற்றுங்கள். நண்பகலில் கொதிக்கும் தொட்டியில் ஊற்றினால் சூடான ஈரத்தில் வேர் வெந்துபோகும். எச்சிவேரியாவைக் கொடைக்கானலிலும் ஊட்டியிலும் பார்த்து ஆசைப்பட்டுச் சென்னைக்குக் கொண்டுவருபவர்களைக் கண்டால் எனக்கு வருத்தமாக இருக்கும். அந்தச் செடிக்கு வேண்டிய குளிர்ந்த இரவை எந்தத் தண்ணீர் முறையாலும் நாம் தர முடியாது. ஜூன் முதல் செப்டம்பர் வரை மாலை மழையும் பகல் வெயிலும் மாறி வருவதால், தொட்டியைத் தூக்கிப் பார்த்து முடிவு செய்வதே சரி.

‘கள்ளி’ என்று ஒரே பெயரில் நாம் அழைப்பவை ஒரே குடும்பம் இல்லை என்பதையும் இங்கே சொல்லியாக வேண்டும். உடைத்தால் பால் வடியும் சதுரக்கள்ளியும் திருகுகள்ளியும் யூபோர்பியா எனப்படும் வேறு குடும்பத்துச் செடிகள். சப்பாத்திக்கள்ளி அமெரிக்காவிலிருந்து வந்த உண்மையான கள்ளி. தண்ணீரைப் பொறுத்தவரை இவை மூன்றும் முரட்டுச் செடிகள், பெரிய கவலை வேண்டாம். பாலைவன ரோஜா எனப்படும் அடீனியத்துக்கு நம் கோடை மிகவும் பிடிக்கும். இலையும் பூவுமாக இருக்கும் ஏப்ரல், மே மாதங்களில் இரண்டு மூன்று நாளுக்கு ஒரு முறை கேட்கும், இலை உதிர்த்த மழைக்காலத்தில் அதே அளவு கொடுத்தால் அடிக்கிழங்கு கொழகொழவென்றாகிவிடும். நம் ஊரில் பிரம்ம கமலம் என்று சொல்லி, இரவில் பூப்பதைக் காண அக்கம்பக்கத்தாரை அழைக்கும் செடி, மத்திய அமெரிக்கக் காடுகளில் மரங்களின் மேல் வளரும் ஒரு கள்ளி. டிராகன் பழக் கொடியும் கிறிஸ்துமஸ் கள்ளியும் அப்படியே; இலங்கைக் காடுகளில் மரக்கிளைகளில் தொங்கும் ரிப்சாலிஸும் இந்தக் கூட்டம்தான், அமெரிக்கக் கண்டங்களுக்கு வெளியே இயற்கையாக வளரும் ஒரே கள்ளி அது. இவற்றுக்கு இலையுரம் மிகுந்த கலவையும், முழுக்கக் காயவிடாத மிதமான ஈரமும் வேண்டும்.

உங்கள் பட்டியலில் சிவப்பு உருண்டை வைத்த கள்ளி இரண்டு இருந்தன. அது ஒட்டுச் செடி. மேலுள்ள சிவப்புப் பகுதியில் பச்சையம் இல்லை, தானாக உணவு தயாரிக்க அதனால் இயலாது. கீழேயுள்ள பச்சைத் தண்டு டிராகன் பழ இனத்தைச் சேர்ந்தது. மற்றக் கள்ளிகளோடு சேர்த்து மாதக்கணக்கில் காயவிட்டால் அந்தத் தண்டு சுருங்கி ஒட்டு விட்டுவிடும், எனவே மண் காய்ந்தவுடன் அதற்கு ஊற்றிவிடுங்கள். கல்லைப் போலிருக்கும் லித்தாப்ஸ் இதற்கு நேரெதிர்: நடுவில் பிளந்து புதிய இலைச் சோடி தலைகாட்டினால், பழைய சோடி காகிதம்போல வற்றி முடியும் வரை ஒரு சொட்டும் கூடாது, ஏனெனில் புதியது பழையதைக் குடித்தே வளர்கிறது.

ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் உப்பும் சுண்ணாம்பும் மிகுந்ததாக இருந்தால், தொட்டி விளிம்பிலும் செடியின் அடியிலும் வெள்ளையாகப் படியும். அடிவழியாக ஓடுமளவு ஊற்றும் முறை இந்த உப்பையும் ஓரளவு கழுவிவிடுகிறது. மழைநீரைப் பிடித்துவைத்தால் மிகச் சிறப்பு. ஏசி இயந்திரத்திலிருந்து சொட்டும் தண்ணீரும் உப்பற்றது, ஊற்றலாம். ஆர்.ஓ. இயந்திரம் கழித்துவிடும் தண்ணீரை மட்டும் ஒருபோதும் ஊற்றாதீர்கள், அதில் உப்பு செறிந்திருக்கும். இலையடுக்கின் நடுக்குழியில் தண்ணீர் நிற்கவிடாமல், குறுகிய மூக்குள்ள குவளையால் மண்ணில் மட்டும் விடுங்கள்.

இப்போது உங்கள் பால்கனிக்கு வருவோம். அழுகிய ஐந்தில் தண்டின் மேற்பகுதி இன்னும் கெட்டியாகவும் பச்சையாகவும் இருப்பவை ஏதேனும் இருந்தால் எறிந்துவிட வேண்டாம். தீயில் காட்டி ஆறவைத்த கத்தியால், பழுப்பு வளையம் ஒன்றும் தெரியாத சுத்தமான சதை வரும்வரை சிறிது சிறிதாக மேலே மேலே அறுங்கள். ஒரு புள்ளி பழுப்பு இருந்தாலும் அது மேலேறும். வெட்டிய பகுதியில் மஞ்சள்தூள், பட்டைத்தூள் என்று பலர் பூசுகிறார்கள். எதைப் பூசினாலும் பூசாவிட்டாலும், நிழலில் காற்றோட்டமாகப் பத்து நாள் காய்ந்து தோல்போல இறுகுவதுதான் அதைக் காப்பாற்றும். பிறகு காய்ந்த கரடான கலவையின் மேல் உட்கார வைத்து, வேர் எட்டிப் பார்த்த பின்பே முதல் தண்ணீர்.

மீதி ஏழு செடிகளையும் இந்த வாரமே தொட்டியிலிருந்து எடுத்து, நார்க்கழிவை உதிர்த்து, கருத்து நைந்த வேர்களை நறுக்கி, இரண்டு நாள் நிழலில் காயவைத்துப் புதிய கலவையில் நடுங்கள். நட்ட கையோடு தண்ணீர் ஊற்றும் நம் வழக்கத்தை இங்கே விட்டுவிடுங்கள். வேரிலுள்ள காயங்கள் ஆற ஒரு வாரமாவது உலர்ந்த மண்ணில் இருக்கட்டும். அதன் பின் ஒரு வெயில் நாளின் காலையில், அடித் துளையிலிருந்து ஓடும்வரை ஊற்றி, தட்டில் தேங்கியதைக் கொட்டிவிட்டு, ஏழு தொட்டிகளையும் ஒவ்வொன்றாகத் தூக்கி எடையைக் கையில் வாங்கிக்கொள்ளுங்கள்.